முன்னாடி என்றால்

படகுத்துறையில் அவருக்குப் பெயர் காது மேஸ்திரி. என்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டே உள்ளே தீப்பொறி விழும் டைமிங்கைப் பிடித்துவிடுவார். "என்ஜின் இருமினா எந்திரிச்சு ஓடுவாரு. நான் தொண்டை கிழியக் கத்தினா, யாரோ கூப்பிடற மாதிரி இருக்கேம்பாரு" என்பாள் மனைவி.

அவரிடம் வேலை பழகியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள். "முன்னாடி வை" என்பார். பொறி கொஞ்சம் முந்தி விழ வேண்டும் என்று பொருள். கேட்டவனோ பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் படகின் முகப்புப் பக்கம் திருப்புவான். அவருடைய படகில் அப்படித் திருப்பினால் பொறி பிந்திவிடும். என்ஜின் சோர்ந்து நின்றுபோகும். "முன்னாடின்னா நேரத்துல முன்னாடிடா. உன் மூக்குக்கு முன்னாடி இல்ல." மகளும் அந்தத் திட்டை வாங்கியவள்தான். பிறகு பொறியியல் படித்தாள்.

மறதி முதலில் ஸ்பேனர்களின் அளவைத் தின்றது. அப்புறம் வீட்டுக்கு வரும் தெருவை. ஒருநாள் மனைவியை "அக்கா, சாப்பாடு ஆச்சா?" என்றார். "இந்த வயசுல எனக்கு ஒரு தம்பி பொறந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, அவள் சமையலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

முதியோர் காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்றான் மகளின் அண்ணன்.

"ஒரு தடவை என்ஜின்கிட்ட உக்கார வெச்சுப் பாக்கலாம்ணா. கை மறக்காது."

"பாரு. அதுவும் இல்லன்னா நான் சொன்னதுதான்."

மகள் அவருடைய படகில் ஏறி, பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட்டைத் தேய்த்து, இடைவெளி வைத்து, என்ஜினைக் கிளப்பினாள். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கை தானாக மூடிமேல் போனது. தலை சாய்ந்தது.

"முன்னாடி" என்றார்.

டைமிங் விளக்கை அடித்துப் பார்த்தாள். உண்மைதான். பொறி பிந்தித்தான் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு லேசானது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை பின்பக்கமாகத் திருப்பினாள். ஓட்டம் ஏறியது, சீரானது.

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "முன்னாடி. முன்னாடின்னு சொல்றேன்ல." அவள் கையைப் படகின் முகப்புப் பக்கம் தள்ளினார்.

தடுத்திருக்கலாம். அவர் காதுக்கு வேறு ஏதாவது கேட்டிருக்குமோ என்று விட்டுவிட்டாள். ஓட்டம் இறங்கியது. என்ஜின் குலுங்கி, புகைக்குழாயில் ஒருமுறை வெடித்து, நின்றது.

படகின் பக்கவாட்டில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"இப்பக் கேளு" என்றார். "பூ மாதிரி ஓடுது."

"என்னடி, சத்தத்தையே காணோம்?" கரையிலிருந்து அம்மா கேட்டாள்.

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஆமாப்பா" என்றாள். என்ஜின் நின்றும் சாவி போட்டபடியே இருந்தது. விட்டால் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கருகிவிடும். எட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எப்பண்ணா கூட்டிட்டு வரணும்?"

அப்பா திரும்பி, விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்றார். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.