பாவு பிடித்த கை

ஆரணியில் எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. சலவைச் சட்டை, சொந்தச் சைக்கிள் எல்லாம் உண்டு. ஆனாலும் வீட்டுக்காரர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்டார்கள், ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்டார்கள். அப்பாவுக்குப் பொய் வராது. "காலனிங்க" என்பார். உடனே அந்த வீட்டுக்கு வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

நெசவுக்காரத் தெருவில் அந்த மாடி போர்ஷனைக் கேட்கப் போனபோது மட்டும் அப்பா, "தேசூருக்கு அந்தாண்டங்க" என்று நிறுத்திக்கொண்டார். வீட்டுக்காரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. யார் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று எனக்கும் பாடம் நடந்தது. எட்டு வயதில் அது எனக்கு ஒரு விளையாட்டு.

கீழே தறி, மேலே நாங்கள். வீட்டுக்காரம்மா தினமும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை பின்னிவிடுவார். அம்மா மட்டும் மாடியை விட்டு இறங்குவதே இல்லை. காலையில் தெருவில் பாவு போடுவார்கள். புடவைக்கு நெடுக்கில் ஓடும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுக்கும் வேலை அது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் கை கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். கூப்பிட்டபோதெல்லாம் அம்மா தலைவலி என்றாள். மாடி வீட்டுக்காரிக்குத் திமிர் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது; வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் பாவு விரித்திருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கல்யாணப் புடவைக்கான அரக்கு நிறப் பாவு. ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் தாங்க ஆள் போதாமல் அது சேற்றை நோக்கித் தாழ்ந்தது.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிற, ஜல்தி வந்து பிடி" என்றார் வீட்டுக்காரம்மா. அம்மா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படியில் நின்றாள். பிறகு இறங்கி ஓடினாள். இரண்டு கைகளையும் பாவுக்கு அடியில் கொடுத்து, அது வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை தாங்கிக்கொண்டே நடந்தாள்.

பாவு தப்பியது. வீட்டுக்காரம்மா தன் புடவைத் தலைப்பாலேயே அம்மாவின் தலையைத் துவட்டிவிட்டார். "நீ வர்லன்னா எங்க பொழப்பே போயிருக்கும்மா" என்று காப்பி கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும், "வேற வீடு பாருங்க" என்றாள் அம்மா.

"யாருக்கும் ஒண்ணும் தெரியாதே."

"இன்னிக்குத் தெரியாது. தெரியற அன்னிக்கு, நான் தொட்ட பாவை இன்னா செய்வாங்க?"

அப்பா கழற்றப் போன சட்டையின் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அந்த மாதமே காலி செய்தோம். சாமான் ஏற்றிய வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரம்மா, "நாங்க இன்னாம்மா கொற வெச்சோம்?" என்று கேட்டார். அம்மா சாமான் கட்டிய கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினாள். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். இவ்வளவு நல்ல மனுஷியை விட்டுப் போகிறாளே, அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று கோபித்துக்கொண்டு, புது வீடு போய்ச் சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை. அந்த மனுஷியைக் கடைசிவரை நல்ல மனுஷியாகவே வைத்துக்கொள்ளத்தான் அம்மா அந்த வீட்டை விட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.