ஏழுமலை அண்ணன் படகில் ஒரு கீறல்

போன வியாழக்கிழமை சாயங்காலம், சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் என் கணவர் ஒரு படகைக் காயப்படுத்திவிட்டார்.

மோதவில்லை, இடிக்கவில்லை. ஆபீஸ் புத்தியைக் காட்டிவிட்டார்... அவ்வளவுதான்!

அவருக்கு வேலை, அடித்த பெயிண்ட் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. எப்படிப் பார்ப்பார்கள்? பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சின்னச் சின்னக் கட்டங்கள் போடுவார்கள். மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுப்பார்கள். கட்டங்கள் நின்றால் பாஸ், டேப்போடு வந்தால் ஃபெயில். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

ஆபீஸோடு நின்றால் பரவாயில்லையே! பிளேடும் டேப்பும் எப்போதும் இவர் பாக்கெட்டிலேயே இருக்கும். மாமல்லபுரத்தில் ஊரே சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஐஸ்க்ரீம் வண்டியின் பெயிண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை அண்ணனிடம்தான் நாங்கள் எப்போதும் மீன் வாங்குவோம். அன்று போனபோது அவருடைய ஃபைபர் படகு புது நீலத்தில் பளபளத்தது. முன்பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் ‘சங்கீதா’. அவருடைய ஒரே மகள். முட்டுக்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூஜை போட்டுப் படகை இறக்கும்போது அவளும் வருகிறாள். தன் பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது.

“இன்னா சார், பெயிண்டு எப்டி கீது?” என்றார் அண்ணன், முகமெல்லாம் பல்லாக.

இதற்கு நீங்களும் நானும் என்ன சொல்வோம்? “சூப்பர்!”

இவர் சொன்னது – “இருங்க, பாத்துச் சொல்றேன்.”

நான் மீன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தடுப்பதற்குள் கீறியாகிவிட்டது. அதுவும் எங்கே? சங்கீதாவின் முதல் எழுத்தில்! டேப்பை இழுத்தார். பாதி எழுத்து கூடவே வந்துவிட்டது.

“பாத்தீங்களா, உப்பைக் கழுவாமலே அடிச்சிருக்காங்க. ஃபெயில்!” என்றார். அப்படி ஒரு வெற்றிப் புன்னகை.

“நான்தான் சார் அடிச்சேன்” என்றார் அண்ணன். “ஆசையா எழுதி வச்சா... எம் பொண்ணு பேரையே பிச்சிட்டியே சார். நாத்திக்கெழம வந்து பாத்தா அது இன்னா நெனைக்கும்?”

எனக்கு மணலுக்குள் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது. இவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் கொடுமையே!

சரி, நாம் மட்டும் ஒழுங்கா? “நான் ஒரு வாரம் ஊருக்குப் போனா என்னைத் தேடுவீங்களா?” என்று சும்மா இருந்த மனுஷனைக் கேட்டு, பதில் வரத் தாமதமானதற்கே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள்தான் நானும். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று பிய்த்து வைப்பது வீட்டுக்கு வீடு நடக்கிறது. லேபிலாவது தனியாக ஒரு தகட்டில் பெயிண்ட் அடித்து, அதைக் கீறுவார்கள். குடும்பத்தில் சாம்பிள் தகட்டுக்கு எங்கே போவது?

வெள்ளிக்கிழமை லீவு போட்டார் என் கணவர். படகின் முன்பக்கம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அண்ணன், “பிளேடு கையில இல்லன்னா நல்லாத்தான் வேல செய்ற சார்” என்றார். சனிக்கிழமை நீலம் அடித்து, மஞ்சளில் மறுபடியும் பெயர் எழுதினார்கள்.

ஞாயிறு காலை சங்கீதா வந்தாள். பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது. பிறகு மெதுவாகக் கை நீட்டி... கட்டைவிரல் நகத்தால் முதல் எழுத்தைச் சுரண்டினாள்!

“ஐயோ, இன்னும் முழுசா செட் ஆகலையே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் இவர்.

அவள் நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். துளி மஞ்சள் இல்லை.

“சூப்பரா கீதுப்பா!” என்று அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார். “இன்னா சார் வேடிக்க பாத்துக்கினு கீற? வா, வந்து ஒரு கை புடி!”

லுங்கிக்காரர்களுக்கு நடுவில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, இவரும் படகைத் தள்ளினார்.

யாராவது உங்களுக்கு ஃபெயில் மார்க் போட்டால் கோபப்படாதீர்கள். மறுநாள் லீவு போட்டுவிட்டு உப்புத்தாளோடு வருவாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்!