திண்டிவனத்து மெமரி போர்டு

கடையில் வாங்கிய சிப்பின் மேல் நெயில் பாலிஷ் ரிமூவர் தேய்த்து, எழுத்து அழிகிறதா என்று பார்ப்பவன் நான். அழிந்தால் பழைய சிப்புக்குப் புதுப் பெயர் அடித்து விற்றிருக்கிறார்கள். அந்தக் காலத்து மினி கம்ப்யூட்டர்களுக்கு மாற்று மெமரி போர்டு வடிவமைக்கும் என் தொழிலில் சந்தேகம் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. பால் பாக்கெட்டைக்கூட மோந்து பார்க்கிறேன் என்பது மனைவியின் புகார்.

போன வருஷம் திண்டிவனத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மூடிப்போன சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். பீரோ அளவிருந்த மினி கம்ப்யூட்டரை ஆலை காயலான் கடைக்குப் போட்டபோது, தானே எடுத்துவந்து வீட்டில் வைத்திருந்தார். கரும்பு எடைக்கு அவர் எழுதிய புரோகிராம் அதன் மெமரி போர்டில் மட்டும்தான் இருந்தது. கம்பியில் கோத்த குட்டிக் காந்த வளையங்கள். கரண்ட் போனாலும் மறக்காது.

புது போர்டுக்கு அளவெடுக்க, பழையதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"படிச்சா அழிஞ்சிடும்ங்க. படிச்ச கையோட திரும்ப எழுதற சர்க்யூட்டு செத்துப்போச்சு. அத்த சரி பண்ணிக்கினு ஒரேவாட்டி படிச்சு, உங்க போர்டுல ஏத்திடலாம். அதுவரைக்கும் கரண்ட் குடுத்துடாதீங்க. நான் வேலை செஞ்சதுக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

விழுப்புரம் திரும்பும் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டுவதற்குள் எனக்குக் குறுகுறுக்க ஆரம்பித்தது. போர்டு நன்றாகத்தான் இருக்கும், என் டிசைனைக் கறந்துகொண்டு வேறு யாரிடமாவது செய்துகொள்ளப் போகிறார். இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு பொத்திப் பொத்தி? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மறுநாள் காலை மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்துப் படித்தேன். திரையில் எண்கள் வரிசையாக ஓடின. பார்த்தாயா, ஒரு கோளாறும் இல்லை என்று சிரித்துக்கொண்டேன். சேமித்துவைக்கத் தோன்றவில்லை. எதையும் இரண்டு முறை பார்ப்பது என் வழக்கம் என்பதால் மறுபடியும் படித்தேன். எல்லாம் பூஜ்யம். அந்த அம்மா சொன்னது அத்தனையும் உண்மை.

புது போர்டு பிசகில்லாமல் ஓடியது. பழையதின் எழுதும் சர்க்யூட்டையும் சரிசெய்து, அவர் வீட்டில் அவர் முன்னாலேயே படித்தேன். பூஜ்யங்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசி வரி வரை அவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. இப்போது என் பக்கம் திரும்புவார், கேட்பார் என்று கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் எப்பவோ தெரியாம கரண்ட் போட்டுட்டேன் போல. வயசாயிடுச்சு இல்லீங்களா," என்றார்.

"இருக்கும்ங்க," என்றேன்.