ஜன்னலோரத்துப் பயணி

யாங்கோன் துறைமுகச் சாலையில் மின்சார ட்ராம் விட்ட புதிதில், ஏறுவதற்கு அடிதடி நடந்தது. சில மாதங்களிலேயே, காலை வண்டியில் நான் ஒருவன்தான் பயணி.

கண்டக்டர் ஒடிசலான மனிதர். நிமிடத்துக்கு ஒரு தரம் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். என் நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

"அண்ணே, ஜன்னலோரமா உக்காருங்க. ரோட்டுல போறவங்களுக்கு உள்ள ஆள் இருக்குன்னு தெரியட்டும்."

"நான் ஒருத்தன் உக்காந்தா வண்டி நெறைஞ்சிருமா?"

"வேற என்னண்ணே செய்யச் சொல்றீங்க?"

இடம் மாறி உட்கார்ந்தேன்.

ட்ராமை நிறுத்துவதற்கு முந்தின வாரம், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பஸ்ஸில் ஏறினேன். வழியில் என் பஸ் அந்த ட்ராமை முந்தியது. உள்ளே பயணிகளே இல்லை. ஜன்னலோரத்தில் அவரே உட்கார்ந்திருந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் மறைத்துக்கொண்டு. அவர் என்னைப் பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.