எதிரில் வருபவர்

ஞாயிறு காலை ரோஸ்லின் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது அவருடைய தங்கை ஆனி. “அக்கா எழுந்துக்க மாட்டேங்குறா. காபி ஆறிப்போச்சு.” ஆனிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் தனியாக வீதியைக் கடக்கத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆனி வேறொரு காபியோடு கட்டிலருகே நின்றிருந்தார். அக்கா தூக்கத்திலேயே போயிருந்தார்.

நான் பாடம் நடத்தும் கல்லூரியில் நூலகராக இருந்த அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள் இதைப் படிப்பீர்கள். அவருடைய மாலைகள் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கமால் பாயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மாலையில் வண்டிகளை அனுமதிக்காத கடற்கரைச் சாலையில், ஆனியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வடக்கே நடப்பார். எதிரே துணிக்கடை கமால் பாய் வருவார். ஊருக்கெல்லாம் பாயான அவர் அக்காவுக்கு மட்டும் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’. மாலை வணக்கமாக ஒரு “போன்சுவார்”, ஆனிக்கு ஒரு மிட்டாய். அவ்வளவுதான். திரும்பும்போது இன்னொரு முறை.

இளமையில் அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீடுகளும் மறுத்திருக்கின்றன. அக்காவின் அம்மா சாகும்போது ஆனியை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஊரைவிட்டே போய்விடலாம் என்று கமால் பாய் அழைத்திருக்கிறார்.

“ரெண்டு பேர் ஓடிப் போலாம் புரொபசரம்மா. மூணு பேரா எப்படி ஓடறது?” என்று பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரித்தார் அக்கா. கமால் பாய் பெரியவர்கள் பார்த்த பெண்ணை மணந்தார்.

அந்த மனைவி இறந்து ஒரு வருடம் கழித்து, நானும் கூட நடந்த ஒரு மாலையில், கமால் பாய் திரும்பி அக்காவின் பக்கத்தில் நடக்கத் தொடங்கினார்.

“இனிமே யாருக்குப் பயம், ரோஸ்?”

அக்கா நின்றார். “உங்க பக்கம் போங்க முசியே. கூடவே நடந்தா முகம் தெரியாது. எதிர்ல வந்தாத்தான் தெரியும்.”

அவர் போனதும் எனக்குக் கோபம் வந்தது. “இப்ப யார் தடுக்கறாங்க?”

“அவரு மருமவளுங்க ஆனியை எங்க உக்கார வப்பாங்க, சொல்லு.”

தியாகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் செய்தது சரியென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அன்று மட்டும் அக்கா ஒரு சுற்று கூடுதலாக நடந்தார்.

ஆனி இப்போது சித்தி மகள் வீட்டில் இருக்கிறார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஞாயிறு மாலைகளையும், என் விரல்களை இறுக்கிப் பிடிக்கும் ஆனியின் கையையும்தான். அக்கா இல்லாத முதல் ஞாயிறு மாலை, கமால் பாய் எங்களோடு சேர்ந்து நடக்கத் திரும்பினார். ஆனி அசையாமல் நின்றுவிட்டார்.

“அந்தப் பக்கம் போ முசியே. எதிர்லதான் வரணும். அக்கா திட்டுவா.”

அவர் மறுபேச்சில்லாமல் தூரமாகப் போய், மிட்டாயோடு எதிரே வந்தார். முகம் நன்றாகத் தெரிந்தது.