பவித்ராவுக்கு இரண்டாம் முறை வந்த டெங்கு

குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பியைப் பூவரசன் ஓங்கியபோது, அனுசுயா இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். முதல் அடியில் மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது அடி கன்னத்தில் இறங்கி இரண்டு பற்களைப் பெயர்த்தது. அவனோடு வந்தவர்கள் ரத்தப் பரிசோதனை அறையின் கண்ணாடியை நொறுக்கி, மெஷினைத் தரையில் தள்ளி மிதித்தார்கள்.

அனுசுயா திருவானைக்காவல்காரி. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். பூவரசனின் தங்கை பவித்ரா மணப்பாறையிலிருந்து டெங்குவோடு வந்து சேர்ந்து, மூன்றாம் நாள் பிரஷர் இறங்கி, மூக்கிலும் வாயிலும் ரத்தம் வழிய இறந்திருந்தாள். வயது இருபத்திரண்டு.

“மூணு வருஷம் முன்னாடி இதே டெங்கு வந்து ஒரு வாரத்துல எழுந்துட்டா. இப்ப என்னடி ஊசி போட்டுக் கொன்னீங்க?” என்று கேட்டுக் கேட்டு அடித்தான். போலீஸ் வந்துதான் இழுத்துப் போனது.

எலும்பு கூடிய பிறகும் அவள் அங்கே திரும்பவில்லை. கதவு படாரென்று திறந்தாலே கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். நோயாளிகள் வராத ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தாள். அங்கே டெங்கு வைரஸைச் செல்களில் வளர்த்தார்கள்.

ஒரு நாள் பிளாஸ்டிக் தட்டின் இரண்டு சிறு குழிகளில் ஒரே வகை வெள்ளணுச் செல்களை வைத்தாள். ஒன்றில் வைரஸ் மட்டும். மற்றதில் வைரஸோடு, முன்பு வேறு வகை டெங்கு வந்து குணமானவரின் ரத்தத்திலிருந்து பிரித்த, ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள் உள்ள சீரத்தையும் நன்றாக நீர்க்க வைத்துச் சேர்த்தாள். வைரஸ் புகுந்த செல் பச்சையாக ஒளிரும். முதல் குழியில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் ஒளிர்ந்தன. இரண்டாவது குழி முழுக்கப் பச்சை.

“ஆன்டிபாடி இருந்தா குறையணுமே மேடம்?”

“டெங்குவுல நாலு வகை இருக்கு,” என்றார் கூடத்தின் தலைவர் யமுனா. “பழைய வகைக்கு உண்டான ஆன்டிபாடி புது வகையைப் பிடிக்கும், அடக்காது. இந்தச் செல் ஆன்டிபாடியைப் பிடிச்சு உள்ள இழுக்கும்போது வைரஸும் கூடவே போயிடும். அதனாலதான் ரெண்டாவது தடவை வேற வகை வந்தா சில பேருக்கு உயிருக்கே ஆபத்தாகுது.”

‘மூணு வருஷம் முன்னாடி இதே டெங்கு’ என்று பூவரசன் கத்தியது அனுசுயாவுக்கு நினைவு வந்தது.

கோர்ட்டில் பூவரசனைக் கைகாட்டி, “இவர்தாங்க அடிச்சார்,” என்று சாட்சி சொன்னாள். வெளியே வராந்தாவில் அவன் எதிரே வந்தான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“என் தங்கச்சிக்கு என்னதாங்க ஆச்சு?”

ஆராய்ச்சிக் கூடத்தில் தான் பார்த்ததை அனுசுயா சொன்னாள். “அவ உடம்புலயும் இதுதான் நடந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. நாங்க கொல்லல.”

அவன் தூணில் நெற்றியை மோதினான். மறுபடி மோதினான். ரத்தம் புருவத்தில் இறங்க, கான்ஸ்டபிள் பிடித்து நிறுத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் அனுசுயா பவித்ராவை நினைத்து முதல்முறையாக அழுதாள். புகாரை வாபஸ் வாங்கவில்லை. ஓராண்டு சிறை என்று தீர்ப்பானது. பூவரசன் அப்பீலுக்குப் போகவில்லை.