கடல் மட்டும் ஓடிய காசெட்

என் கணவர் அப்போது கப்பலில் டி.வி. ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படிச் சொன்னால் போடி கடைவீதியில் யாருக்கும் விளங்காது. கப்பல் என்றால் கேப்டன் தெரியும், சமையல்காரர் தெரியும். அதனால் என் மாமியார் "எம் மகன் கப்பல்ல இன்ஜினியர்" என்று சொல்லிவிடுவார். நானும் மறுக்க மாட்டேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுப் பணக்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்கும் பெரிய கப்பல் அது. பயணிகளின் அறை ஒவ்வொன்றிலும் ஒரு டி.வி. இருக்குமாம். கட்டிலில் படுத்துக்கொண்டே படம் பார்க்கலாமாம். அந்தப் படங்களை ஓட்டுவதற்குக் கப்பலுக்குள் தனியாக ஓர் அறை, அதில் வரிசையாக வீடியோ டெக்குகள். நேரத்துக்கு நேரம் காசெட்டை மாற்றுவதும், எந்த அறையிலாவது படம் தெரியவில்லையென்றால் ஓடிப்போய்ச் சரிசெய்வதும்தான் அவருடைய வேலை.

கல்யாணமாகி ஒரு மாதத்திலேயே கப்பலேறிவிட்டார். நான் கூடலூரில் தோட்டந்துரவுக்கு நடுவில் வளர்ந்தவள். வாக்கப்பட்ட வீடோ கடைவீதிக்குள் ஒரு குகை மாதிரி. முன்னால் மாமனாரின் ஜவுளிக்கடை, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு நீளமாக வீடு. பின்கட்டுக்குப் போனால்தான் வானம் தெரியும். அவர் இல்லாத அந்த வருசம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். வேலைக்குப் போகிறேன் என்றால், "அவன் வரட்டும், கேட்டுக்கலாம்" என்பார் மாமியார். கப்பலில் ஜில்லென்ற அறையில் உட்கார்ந்து படமாகப் பார்த்துத் தள்ளுகிற மனுசனை நினைத்து எனக்குப் பொறாமைகூட இருந்தது.

முதல் லீவில் வந்தவர் பெரிய டி.வி. பெட்டியும் ஒரு டெக்கும் கொண்டுவந்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஜெபம் முடிவதற்குள்ளேயே வாசலில் செருப்பு நிறைந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏத்தா, இங்கிலீசு படமுன்னா ஒரு மாதிரி இருக்கும்னு சொல்றாகளே. இம்புட்டுப் புள்ளைக இருக்கு. அவன்கிட்டக் கேளு."

கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தைரியமா உக்காரச் சொல்லு" என்றார். காசெட்டைத் தள்ளினார்.

கடல் வந்தது. கீழே கப்பலின் மூக்கு கொஞ்சம் தெரிந்தது, அதற்கு அப்பால் முழுக்கத் தண்ணீர். பாட்டு இல்லை, எழுத்து போடவில்லை. கப்பல் போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பறவை குறுக்கே போனது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். மறுபடியும் தண்ணீர்.

"எப்பய்யா படம் ஆரம்பிக்கும்?" என்று பலசரக்குக் கடைக்காரர் கேட்டார்.

"இதுதாண்ணே. கப்பல் மொகப்புல ஒரு கேமரா வச்சிருக்காக. ரூமுக்குள்ள இருக்குறவுக ஒரு சேனல்ல இதைப் பாக்கலாம். சினிமாக் காசெட்ட வெளிய கொண்டுவர விட மாட்டாக. இதப் புடிச்சுக் கொண்டாரத்தான் விட்டாக."

"ஆளு யாரும் வர மாட்டாகளா?"

"மாட்டாக."

பிள்ளைகள் முதலில் எழுந்தார்கள். பிறகு பெண்கள், குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. வோல்டேஜ் குறைந்து கடல் நாலு பக்கமும் சுருங்கியபோது மிச்சம் இருந்தவர்களும் கிளம்பினார்கள். என் மாமனார் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இது எந்தக் கடல்?" என்று கேட்டார்.

"தெரியலப்பா" என்றார் இவர்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வந்தவர்களுக்குக் காப்பி போட்டு வைத்திருந்தேன், கொடுக்கக்கூட முடியவில்லை.

அதோடு முடியும் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அவர் மறுபடியும் அதையே போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார். அதுவும் உட்கார்ந்து பார்க்க மாட்டார், கையைக் கட்டிக்கொண்டு நின்றே பார்ப்பார். பாதியில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். யாரையும் ஏற்றிவிட இல்லை, யாரும் வரவும் இல்லை. திரும்பி வருவார், மறுபடியும் டெக்கைப் போடுவார். நான் அடுப்படிக்கும் பின்கட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அலைந்துகொண்டிருந்தோம். என்னை எங்கேயாவது கூட்டிப்போவார் என்று வருசம் பூராவும் காத்திருந்தது போக, இப்போது அந்தத் தண்ணீர் ஓடும் பெட்டியை எடுத்துக் கிணற்றில் போட்டுவிடலாமா என்றிருந்தது.

ஒருநாள் நானே சொன்னேன். "என்னங்க, வெளிய எங்கனயாச்சும் போகணும். இல்லேன்னா நான் கூடலூருக்குப் போறேன்."

போடிமெட்டு பஸ்ஸில் ஏறினோம். அவர் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டினார். கண்டக்டர் இரண்டு முறை சத்தம் போட்டார். மேலே இறங்கியதும் ரோட்டோரமாக நின்றுவிட்டார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் முதுகை உரசிக்கொண்டு போயின. டீ குடிக்கக் கூப்பிட்டேன், வரவில்லை. திரும்பிப் போகிற பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது.

"வருசம் பூராம் கடல்லயே இருந்துட்டு வந்து வீட்லயும் கடலத்தான் பாக்குறீக. இங்கன வந்தா இங்கனயும் வெறிச்சுப் பாக்குறீக. எம் மூஞ்சிய எப்பப் பாப்பீக?"

"கடலப் பாத்தேன்னு உன்கிட்ட யாரு சொன்னா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே பேசினார்.

"நாங்க படுக்குற ரூமு தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கு. ஜன்னல் கிடையாது. டெக் ஓட்டுற ரூமுக்கும் கிடையாது. மேல பயணிக நடமாடுற எடத்துல சும்மா போய் நிக்கக் கூடாது, வேலைன்னாத்தான் போகலாம். விடிஞ்சுச்சா இருட்டுச்சான்னு அந்த ஒரு சேனலப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன். மத்த டெக்குல எல்லாம் படம் ஓடும். நான் இதைத்தான் பாப்பேன்."

"ஊரு ஊரா எறங்குனேன்னு எழுதுனீகளே?"

"எறங்குனேன். சோப்பு வாங்குவேன், போஸ்ட் ஆபீசுக்குப் போவேன். அதுக்குள்ள ஏறச் சொல்லீருவாக."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய கையைப் பிடிக்கலாம் என்றிருந்தது. ரோட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

"அப்ப இனிமே போகாதீக" என்றேன்.

"போகாம? அப்பா கடைக்குள்ள உக்காந்து துணி கிழிக்கவா? அங்கன மட்டும் ஜன்னல் இருக்கா?"

அடுத்த பஸ்ஸில் கீழே வந்தோம். லீவு முடிந்ததும் கப்பலுக்குப் போய்விட்டார். ஆனால் போவதற்கு முன்னால், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இவ வேலைக்குப் போகட்டும்" என்று அவர் அம்மாவிடம் சொன்னார். மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார்.

கடமலைக்குண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. போடியிலிருந்து தேனி, தேனியில் மாறி கடமலைக்குண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவேன். கொஞ்ச நாளில் அந்த அலைச்சல் உடம்புக்கு ஒத்துவராமல், அங்கேயே ஒரு சின்ன வீடு பார்த்துத் தனியாகக் குடிபோனேன். புருசன் ஊரில் இல்லாதபோது மருமகள் தனிக்குடித்தனம் போய்விட்டாள் என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மாமனார் மட்டும் மாதத்துக்கொரு தடவை பஸ் ஏறி வந்து, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார்.

அந்தத் தடவைக் கப்பல் காண்ட்ராக்ட் முடிந்ததும் அவர் நேராகக் கடமலைக்குண்டுக்கே வந்தார். திரும்பிப் போகவில்லை. போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டிடமிருந்து வரச் சொல்லித் தந்தி வந்தது, அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பல மாதம் அவருக்கு வேலையே கிடையாது. காலையில் வைகை ஆற்றுக்குப் போவார், வெயில் ஏறினால் வருவார், மறுபடியும் கிளம்புவார். என் சம்பளத்தில் சாப்பிடுவது அவருக்கு உறுத்தியது. அவரை அப்படிப் பார்ப்பது எனக்கும் உறுத்தியது. சண்டையும் போட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் கொடைக்கானல் மலையில் டி.வி. நிலையம் வந்தது. வசதியுள்ள வீடுகளில் எல்லாம் டி.வி. வாங்க ஆரம்பித்தார்கள். மலைக்கு நடுவில் இருக்கிற ஊரில் படம் லேசில் விழாது. ஆண்டெனாவை இரும்புக் குழாயில் உயரத் தூக்கிக் கட்டி, அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். இவருக்கு அது கை வந்த வேலை. வருசநாடு வரைக்கும் கூப்பிட்டார்கள். ஓட்டுக் கூரை, மச்சு என்று எதில் வேண்டுமானாலும் ஏறுவார். லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். கீழே டி.வி.க்கு முன்னால் நின்று, "புள்ளியா இருக்கு... இன்னும் திருப்புங்க... ஆ, வந்துருச்சு!" என்று கத்துவது என் வேலை.

வந்துருச்சு என்று சொன்ன பிறகும் அவர் உடனே இறங்க மாட்டார், குழாயைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் இருக்கிற மலைகளைப் பார்த்தபடி நிற்பார். வீட்டுக்காரர்கள் எல்லாரும் உள்ளே படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் வாசலுக்கு வந்து கூப்பிடுவேன்.

"எறங்குங்க. அடுத்த வீட்டுல காத்துக்கிட்டு இருக்காக."

"இரு, வாரேன்."

மறுபடியும் கூப்பிடுவேன். ஏணியின் அடிக்கம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள், அவர் இறங்கவே காணோம் என்று, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே மேலே ஏறிப் போனேன். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.